தாரை வார்த்தலிலிருந்து தானப் பத்திரம் வரை



கொடை என்றவுடன் முல்லைக்குத் தேர் ஈந்த பாரியும், மயிலுக்குப் போர்வை அளித்த பேகனும் நம் நினைவுக்கு வருகின்றனர். நான் பேச எடுத்துக்கொண்டிருப்பது அத்தகைய கொடையன்று. தந்தை மகளுக்கும், தாய் மகனுக்கும், தமையன் தங்கைக்கும் வீட்டையோ நிலத்தையோ எழுதிக் கொடுக்கின்ற குடும்பக் கொடையைப் பற்றியே சொல்லப் போகிறேன். இதன் வரலாற்றில் இரண்டு வினாக்கள் ஓயாமல் எழுந்து வந்திருக்கின்றன. ஒரு பொருள் எப்பொழுது உண்மையில் கொடுக்கப்பட்டதாகும்? கொடுக்கும்பொழுது அரசுக்குச் சேர வேண்டியது என்ன?

முதல் வினாவுக்கு நம் முன்னோர் கண்ட விடை, பலர் கண்ணால் காணத்தக்க ஒரு செயலாகும். கொடுப்பவர் பெறுபவரின் கையில் நீர் வார்த்துக் கொடுத்தார். ‘தாரை வார்த்தல்’ என்னும் வழக்கு அதனின்று பிறந்தது. நீர் வார்த்து நிலம் கொடுத்த செய்தியை நம் கல்வெட்டுகளிலும் செப்பேடுகளிலும் காணலாம். வார்த்த நீரை மீண்டும் அள்ள இயலாது. கொடுத்த பொருளும் அத்தகையதே என்பதை இச்சடங்கு நன்கு உணர்த்துகிறது என்று நான் கருதுகிறேன்.

இந்து தரும சாத்திர உரைகளுள் புகழ்பெற்றது விஞ்ஞானேசுவரர் இயற்றிய மிதாட்சரம். கொடையை ஏற்றுக்கொள்வது மனத்தாலும், வாக்காலும், உடலாலும் நிகழும் என அது வகுத்தது. நிலமாயின், பெற்றவர் அதன் பயனைச் சிறிதேனும் துய்த்தால்தான் கொடை நிறைவுறும் என்றும் கூறிற்று. இஸ்லாமியச் சட்டத்தில் ‘ஹிபா’ எனப்படும் கொடைக்கு அறிவித்தல், ஏற்றல், ஒப்படைத்தல் ஆகிய மூன்றும் வேண்டும், எழுத்து கட்டாயமன்று. ஆக, இரு மரபுகளும் பொருள் கை மாறுவதையே சிறப்பாக நோக்கின.

1882-ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம் இந்நிலையை மாற்றியது. ஹிபாவை அதன் வழியிலேயே விட்டுவிட்டு, ஏனைய கொடைகளுக்கு அது விதிகள் வகுத்தது. கொடுப்பவர் தாமே விரும்பிக் கொடுக்க வேண்டும். கைம்மாறு எதுவும் பெறலாகாது. கொடுக்கும் சொத்து அன்று இருப்பதாக வேண்டும். நாளை வரப்போகும் சொத்தைக் கொடுத்தல் செல்லாது. கொடுப்பவர் உயிரோடு இருக்கும்பொழுதே பெறுபவர் ஏற்றுக்கொள்ள வேண்டும். பாரியின் தேரை முல்லைக்கொடி ஏற்றுக்கொண்டதா என்று இச்சட்டம் கேட்டால், பாவம், அக்கொடி என்ன விடை சொல்லும்!

வீடு, நிலம் போன்ற அசையாச் சொத்தாயின், கொடுப்பவர் கையொப்பமிட்டு, இரண்டு சாட்சிகளேனும் சான்றொப்பமிட்டுப் பத்திரம் பதிவாக வேண்டும். நகை, பணம் போன்றவற்றைக் கையில் ஒப்படைத்தாலே போதும். நிலத்தைப் பொறுத்தவரை, நீர் வார்த்த இடத்தில் பதிவு அலுவலக முத்திரை அமர்ந்தது எனலாம். 2014-இல் உச்சநீதிமன்றம், பத்திரம் முறையாகப் பதிவானால் வீட்டைக் கொடுத்தவர் தம் ஆயுள் வரை அதில் குடியிருந்தாலும் கொடை செல்லும் என்று தெளிவுறுத்தியது.

சென்னை மாகாணத்திலிருந்து இலண்டன் பிரிவி கவுன்சில் வரை சென்ற வழக்கொன்றை இங்கே குறிப்பிட வேண்டும். ஒருவர் கொடைப் பத்திரம் எழுதி, உரியவரிடம் ஒப்படைத்தார், அவரும் ஏற்றுக்கொண்டார். பத்திரம் பதிவாகுமுன் கொடுத்தவர் ஒரு பிள்ளையைத் தத்தெடுத்தார். சொத்து தத்துப்பிள்ளைக்கா, கொடை பெற்றவருக்கா? ஒப்பமிட்டு ஒப்படைத்து ஏற்கப்பட்ட பின்னர், பதிவாகவில்லை என்று சொல்லிக் கொடுத்தவர் பின்வாங்க முடியாது என 1920-களில் பிரிவி கவுன்சில் தீர்ப்பளித்தது. ஒரு கையொப்பத்தின் வலிமையை இதனால் உணரலாம்.

இனி இரண்டாம் வினாவுக்கு வருவோம். 1953-இல் இறந்தவர் விட்டுச்சென்ற பெருஞ்சொத்தின்மீது எஸ்டேட் வரி விதிக்கப்பட்டது. இறக்குமுன்பே மக்களுக்குக் கொடுத்துவிட்டால் இவ்வரியிலிருந்து தப்பலாம் அன்றோ? இறப்பதற்கு முந்திய 2 ஆண்டுகளுக்குள் கொடுத்தவையும் கணக்கில் சேரும் என்று சட்டம் வேலியிட்டது. அவ்வேலிக்கு அப்பாலும் வழி இருந்தது. பொருளியல் அறிஞர் நிக்கோலஸ் கால்டார் 1956-இல் அளித்த அறிக்கையில் கொடைக்கும் வரி வேண்டுமெனப் பரிந்துரைத்தார். 1958-இல் நிதிப் பொறுப்பையும் ஏற்றிருந்த பிரதமர் நேரு நன்கொடை வரியைக் கொண்டுவந்தார். அதனைச் செலுத்த வேண்டியவர் கொடுத்தவர். எஸ்டேட் வரி 1985-லும், நன்கொடை வரி 1998-லும் நீங்கின.

2004-இல் வரி வேறு உருவில் திரும்பி வந்தது. இம்முறை அது பெற்றவரின் வருமானத்தோடு சேர்க்கப்பட்டது. முதலில் பணத்துக்கு மட்டும் இருந்த விதி, 2009-இல் நிலம், வீடு, நகை ஆகியவற்றையும் தழுவியது. எனினும் பெற்றோர், பிள்ளைகள், கணவன், மனைவி, உடன்பிறந்தார் முதலிய உறவினரிடமிருந்து பெறுவதற்கு வரியில்லை. இதில் ஒரு விந்தையுண்டு. தாய்மாமன் தம் சகோதரியின் மகனுக்குக் கொடுத்தால் வரியில்லை; அம்மகன் மாமனுக்குக் கொடுத்தால், உறவினர் பட்டியலில் மாமனுக்கு அவன் இடம்பெறாமையால், வரம்பை மீறிய தொகைக்கு வரியுண்டு! மேலும், கணவர் மனைவிக்குக் கொடுத்த சொத்திலிருந்து வரும் வாடகை, வரியைப் பொறுத்தவரை, கணவரின் வருமானமாகவே கொள்ளப்படும்.

வரியினும் பெரிதான செய்தி ஒன்று உண்டு. நினைத்தபொழுது திரும்பப் பெறுவேன் என்று கொடுப்பதைச் சட்டம் கொடையாக ஏற்பதில்லை. வஞ்சனையாலோ வற்புறுத்தலாலோ பெறப்பட்ட கொடையை நீதிமன்றம் தள்ளுபடி செய்யலாம். வெறும் மனவருத்தம் போதாது. இதனால், இருந்த ஒரே வீட்டையும் பிள்ளைக்கு எழுதிக் கொடுத்துவிட்டு, அவ்வீட்டின் திண்ணையிலும் இடமின்றி நின்ற முதியோர் பலர். 2007-ஆம் ஆண்டின் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் இதற்குப் பரிகாரம் தேடியது. தம்மைப் பேண வேண்டும் என்னும் நிபந்தனையோடு முதியவர் கொடுத்திருந்து, பெற்றவர் அதனின்று தவறினால், அக்கொடையை நீக்குமாறு அவர் கோரலாம். நிபந்தனையைப் பத்திரத்திலேயே எழுதி வைப்பது நலம். வாய்ச்சொல்லை மட்டும் நம்பியவர்கள் வழக்காடித் துன்புற்றிருக்கின்றனர்.

மாணவர்களே, சாட்சியும் பதிவும் நிபந்தனையும் அன்பைச் சந்தேகிப்பதற்காக எழுந்தவையல்ல. கொடுத்துவிட்ட பின் கையில் ஒன்றுமில்லாமல் நிற்பவரைக் காப்பதற்கே அவை தோன்றின. உங்கள் இல்லத்துப் பெரியவர் ஒருவர் பத்திரத்தில் ஒப்பமிட எழுதுகோலை எடுக்கும் நாளில், அதனை முழுவதும் அவருக்கு உரக்கப் படித்துக் காட்டுங்கள். சொத்தைப் பெறப்போகிறவர் நீங்களேயாயினும் அவ்வாறு செய்யுங்கள்.