உடைகலங்கள் கடல் கடந்த வரலாறு: ஹாமில்ட்டன் தொகுப்பு

தொல்பொருள் வரலாறு எழுதுவோர் ஒரு பொருள் எவ்விடத்தில் அகழ்ந்தெடுக்கப்பட்டது என்பதையும், இன்று எந்தக் காட்சிச்சாலையில் உள்ளது என்பதையும் விரித்துரைப்பர். இவ்விரண்டு இடங்களுக்கும் இடையே அது கடந்து வந்த வழியைப் பற்றிப் பெரும்பாலும் வாய் திறவார். கல்லையும் செம்பையும் பற்றிய ஆராய்ச்சியில் இக்குறை பொறுக்கத்தக்கதே. மட்கலம், கண்ணாடி முதலிய உடைபொருள்களைப் பொறுத்தவரையில் அவ்வாறன்று. அவை எவ்வாறு பொதியப்பட்டன, யார் கையில் ஒப்புவிக்கப்பட்டன, அனுப்புமுன் அவற்றைப் பற்றி என்ன எழுதி வைக்கப்பட்டது என்பனவே எது எஞ்சியது, எது மறைந்தது என்பதைப் பல இடங்களில் முடிவு செய்திருக்கின்றன. இவ்வுண்மையை வில்லியம் ஹாமில்ட்டன் என்பார் தொகுத்த கிரேக்க மட்கலங்களின் வரலாற்றைக்கொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஹாமில்ட்டன் 1764 முதல் 1800 வரை நேப்பிள்ஸ் அரசவையில் ஆங்கில அரசின் தூதராக இருந்தவர். எரிமலை ஆராய்ச்சியில் பெயர் பெற்ற அவர், தென் இத்தாலியின் பழங்கல்லறைகளிலிருந்து கிடைத்த வண்ணக் கலங்களைத் தோண்டுவோரிடமும் வணிகரிடமும் விலைகொடுத்து வாங்கிச் சேர்த்தார். அவருடைய முதல் தொகுப்பை 1772இல் பிரிட்டிஷ் காட்சிச்சாலைக்காக நாடாளுமன்றம் 8,400 பவுன் கொடுத்து வாங்கியது. அதில் மட்கலங்கள் மட்டும் 730 இருந்தன. நேப்பிள்ஸிலிருந்து இலண்டன் வரை நீண்ட கடல்வழியைக் கடந்து அவை வந்து சேர்ந்தன. இவ்வெற்றியே அவருக்குப் பிற்காலத்தில் கடலின்மீது அளவுக்கு மீறிய நம்பிக்கையைத் தந்ததோ என்று ஐயுற இடமுண்டு.

மட்கலம் உடைவதற்குக் காரணம் அதன் மென்மை மட்டும் அன்று. சுட்ட மண் அழுத்தத்தை ஓரளவு தாங்கும்; அதிர்வையும் மோதலையும் தாங்காது. ஒரு பெட்டியினுள் இரண்டு கலங்கள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருந்தால் வழியில் நேரும் ஒவ்வோர் அசைவும் ஒரு சிறு சம்மட்டி அடியாகிவிடும். கிரேக்கக் கலங்களுக்கு வேறொரு தொல்லையும் உண்டு. அவற்றின் கைப்பிடிகள் வெளியே நீண்டு நிற்பவை, அடித்தண்டு குறுகியது, வாய் விரிந்தது. கல்லறையிலேயே உடைந்து கிடந்து பின்னர் ஒட்டப்பட்டவையும் பல. ஆதலின் பொதிபவர் கலத்தின் உள்ளிடத்தையும் புற இடத்தையும் ஒருசேர நிரப்புதல் வேண்டும். சுமை கைப்பிடியில் இறங்காது வயிற்றிலும் தோளிலும் பரவுமாறு அமைத்தல் வேண்டும். இதற்கு அக்காலத்தில் கிடைத்தவை வைக்கோல், உலர்புல், தவிடு, மரத்தூள் முதலியனவே. நம் நாட்டுக் குயவர் வண்டியில் கலம் ஏற்றுங்கால் இடையிடையே வைக்கோல் செருகுவதும், வீட்டில் பானையைப் புரிமணைமீது இருத்துவதும் இதே அறிவின்பாற்பட்டவை. ஆயின் வைக்கோலுக்கு ஒரு குறை உண்டு. நெடும்பயணத்தில் அது அமுங்கிப்போகும். அமுங்கிய அளவிற்குப் பெட்டியினுள் வெற்றிடம் தோன்றும். அவ்வெற்றிடத்தில் கலம் ஆடத் தொடங்கும்.

இச்சிக்கல் தொல்பொருளுக்கு மட்டும் உரியதன்று. ஹாமில்ட்டனின் முதல் தொகுப்பைப் படங்களோடு விளக்கிய பெருநூல் டாங்கார்வில் என்பவரால் 1766 முதல் 1776 வரையில் நான்கு தொகுதிகளாக வெளியிடப்பட்டது. அப்படங்களைப் பார்த்து ஆங்கில நாட்டுக் குயத்தொழில் முதல்வர் வெட்ஜ்வுட் 1769இல் தம் எட்ரூரியா தொழிற்சாலையின் திறப்பு நாளன்று கலங்கள் வனைந்தார். அவரும் உடைவினால் வருந்தியவரே. ஸ்டாஃபோர்ட்ஷயர்ப் பகுதியின் மேடுபள்ளமான சாலைகளில் பொதிக்குதிரைகளின்மீது சென்ற கலங்கள் வழியிலேயே நொறுங்கின. டிரென்ட் ஆற்றையும் மெர்சி ஆற்றையும் இணைக்கும் கால்வாய்க்காக அவர் முன்னின்று உழைத்ததற்கு இது ஒரு முதன்மையான காரணம். 1766இல் வெட்டத் தொடங்கிய அக்கால்வாய் 1777இல் முற்றுப்பெற்றது. அசையாது செல்லும் படகு எத்துணை வைக்கோலினும் சிறந்த காப்பு என்பதை அவர் நன்கு அறிந்திருந்தார்.

ஹாமில்ட்டன் 1789ஆம் ஆண்டளவில் மீண்டும் கலங்கள் வாங்கத் தொடங்கினார். சில ஆண்டுகளுக்குள் இரண்டாம் தொகுப்பு ஆயிரத்திற்கு மேற்பட்ட கலங்களைக் கொண்டதாயிற்று. அதனையும் நூலாக்க விரும்பி, நேப்பிள்ஸ் ஓவியக் கழகத் தலைவராயிருந்த டிஷ்பைன் என்னும் ஜெர்மானிய ஓவியரிடம் அப்பணியை ஒப்படைத்தார். முன்னைய நூலின் வண்ணப் பகட்டு இதில் இல்லை. கலத்தில் உள்ள உருவங்களின் புறக்கோடுகள் மட்டுமே வரையப்பட்டன. இளம் ஓவியர்க்கும் வாங்கத்தக்க விலையில் நூல் கிடைத்தல் வேண்டும் என்பதே அவர் கருதியது. 1791 முதல் வெளிவந்த இந்நூல், தொகுத்தவர் கனவிலும் கருதாத வேறொரு பயனைப் பின்னாளில் தந்தது.

இத்தொகுப்பையும் விற்றுவிட அவர் முயன்றார். 1796இல் பிரஷிய மன்னருக்கு இதனை விற்கும் எண்ணத்தோடு லிக்டனாவ் கோமாட்டிக்கு எழுதினார், அது கைகூடவில்லை. அதற்குள் நெப்போலியனின் படைகள் இத்தாலியில் புகுந்துவிட்டன. 1798இல் நேப்பிள்ஸுக்கும் இடர் நெருங்கியது. கலங்கள் அவசர அவசரமாகப் பெட்டிகளில் பொதியப்பட்டன. அவற்றுள் எட்டுப் பெட்டிகள் கொலோசஸ் என்னும் போர்க்கப்பலில் ஏற்றப்பட்டன. 1787இல் வெள்ளோட்டம் விடப்பட்ட அக்கப்பல் 74 பீரங்கிகளைத் தாங்கியது. பழுதுற்ற நிலையில் தாய்நாடு திரும்பிக்கொண்டிருந்தது. நைல் போரில் புண்பட்ட வீரர்களும் அதில் இருந்தனர். உடைபொருளை அனுப்புபவர் கலனைத் தேர்ந்தெடுக்கும் உரிமையைப் பெரும்பாலும் பெறுவதில்லை. கிடைத்த கப்பலில் ஏற்ற வேண்டியவராகிறார். ஹாமில்ட்டன் நிலையும் அதுவே.

கொலோசஸ் இங்கிலாந்தின் தென்மேற்கு முனைக்கு அப்பாலுள்ள சில்லித் தீவுகளின் துறையில் புயலுக்கு ஒதுங்கி நங்கூரமிட்டது. 1798 திசம்பர் 10ஆம் நாள் நங்கூர வடம் அறுந்து, கப்பல் சாம்சன் தீவருகே பாறைத்திட்டில் மோதியது. ஒருவர் தவிர ஏனையோர் அனைவரும் உயிர் பிழைத்தனர். எட்டுப் பெட்டிகளும் நீரில் மூழ்கின. லிஸ்பனில் இறந்த ஷுல்டாம் என்னும் கடற்படைத் தலைவரின் உடலும் அக்கப்பலில் வந்தது. அது மட்டும் மீட்கப்பட்டது. கலங்களைக் கைவிட்டுப் பிணத்தைக் காப்பாற்றினார்களே என்று ஹாமில்ட்டன் பின்னர் மனம் நொந்தார். அவருடைய சினத்தை நாம் குறைகூறுதல் எளிது. வாழ்நாளின் பெரும்பகுதியைச் செலவிட்டுச் சேர்த்ததை ஒரே இரவில் இழந்தவரின் நிலையையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

அக்கப்பல் மூழ்கி இரண்டு வாரம் கழியுமுன் ஹாமில்ட்டனே நேப்பிள்ஸை விட்டு அரச குடும்பத்தோடு நெல்சனின் கப்பலில் பாலெர்மோவுக்குத் தப்பியோட நேர்ந்தது. பெட்டிகள் கடலுக்கடியில் கிடப்பதை அவர் அப்போது அறியார். தம் செல்வத்தில் ஒரு பகுதியாவது காப்பாற்றப்பட்டது என்றே எண்ணியிருப்பார். உண்மைச் செய்தி அவருக்கு அடுத்த ஆண்டிலேதான் எட்டியது.

ஈண்டு நம் ஆராய்ச்சிக்கு மிகவும் இன்றியமையாத செய்தி ஒன்று உண்டு. தம் தொகுப்பின் தலைசிறந்த கலங்கள் மூழ்கிய பெட்டிகளிலேயே இருந்தன என்று ஹாமில்ட்டன் உறுதியாக நம்பினார். வேறு கப்பலில் வந்த பெட்டிகளை அவர் தாய்நாடு திரும்பிய பின் இலண்டனில் திறந்து பார்த்தபோது, இழந்துவிட்டதாக எண்ணிய கலங்களுள் பல அவற்றில் இருக்கக் கண்டார். பொதிந்தோர் பெட்டிகளை மாற்றிவிட்டனர். எந்தப் பெட்டியில் எந்தக் கலம் உள்ளது என்பதற்கு நம்பத்தக்க பட்டி இருந்திருந்தால் ஏறத்தாழ இரண்டாண்டுக் காலம் அவர் இல்லாத இழப்பிற்காக வருந்தியிருக்க வேண்டியதில்லை. வைக்கோல் குறைந்ததால் நேர்ந்த கேட்டை அனைவரும் காண்பர். பட்டி குறைந்ததால் நேரும் கேட்டைக் காண்பார் சிலரே. எஞ்சிய தொகுப்பை 1801இல் தாமஸ் ஹோப் என்னும் செல்வர் வாங்கினார்.

மூழ்கிய கலங்கள் 176 ஆண்டுகள் கடலடியில் கிடந்தன. 1974இல் ரோலண்ட் மாரிஸ் என்பவரின் குழுவினர் அவ்விடத்தைக் கண்டுபிடித்தனர். ஏறத்தாழ 30,000 ஓட்டுச்சில்லுகள் மேலே கொண்டுவரப்பட்டுப் பிரிட்டிஷ் காட்சிச்சாலையை அடைந்தன. விரல்நுனி அளவேயான சில்லு எந்தக் கலத்தைச் சார்ந்தது என்று அறிவது எங்ஙனம்? இங்குத்தான் டிஷ்பைனின் கோட்டோவியங்கள் கைகொடுத்தன. ஓர் ஆடை மடிப்பும் ஒரு கால்விரலும் மட்டுமே தெரியும் சில்லுகள், நூலில் உள்ள படத்தோடு ஒப்பிடப்பட்டு இடம் காணப்பெற்றன. ஆன் பர்ச்சால் என்னும் அறிஞர் இப்பணியைத் தொடங்கி வைத்தார். 2003இல் ஸ்மால்வுட், வுட்ஃபோர்ட் ஆகிய இருவரும் இச்சில்லுகளை முழுமையாக ஆராய்ந்து தனித் தொகுதியாக வெளியிட்டனர். விலை குறைய வேண்டும் என்று எளிமையாக வரையப்பட்ட படங்கள், அனுப்புமுன் எடுக்கப்பட்ட பதிவேடாகவே பயன்பட்டன. வண்ணங்களால் கண்ணைக் கவர்ந்த முன்னைய நூலைக் காட்டிலும் இக்கோடுகளே ஆராய்ச்சியாளர்க்கு உற்ற துணையாயின.

இவ்வழிவுக்குப் பொதிமுறையே காரணம் என்று கூறிவிடலாமா? அவ்வாறு முடிவு கட்டுதல் பொருந்தாது. ஒல்லாந்தர் வணிகக் கழகத்தின் கெல்டர்மால்சன் என்னும் கப்பல் 1752 சனவரி 3ஆம் நாள் தென்சீனக் கடலில் மூழ்கியது. 1985இல் அதிலிருந்து ஏறத்தாழ 1,50,000 பீங்கான் கலங்கள் மீட்கப்பட்டன, பெரும்பான்மையானவை உடையாதிருந்தன. அங்கே பீங்கான் பெட்டிகள் கப்பலின் அடித்தளத்தில் நெருங்க அடுக்கப்பட்டிருந்தன. அவற்றின்மேல் தேயிலை ஏற்றப்பட்டிருந்தது. தேயிலை சரிந்து படிந்து கலங்களுக்குப் போர்வையாயிற்று என்பர். அன்றியும் பீங்கான் தட்டுகள் ஒரே வடிவின. ஒன்றனுள் ஒன்றாகவும் ஒன்றன்மேல் ஒன்றாகவும் அடுக்கத்தக்கவை. ஹாமில்ட்டனின் கலங்களோ ஒன்றைப்போல் மற்றொன்று இல்லாதவை. சில்லித் துறையோ ஆழம் குறைந்தது. அலையும் பாறையும் ஓயாது அரைக்கும் இடம். எத்துணைத் திறமையாகப் பொதிந்திருந்தாலும் அங்கே கலங்கள் முழுமையாகத் தப்பியிருக்கும் என்று சொல்வதற்கில்லை. புத்தம் புதிய வணிகச் சரக்கைப் பொதிவதும், ஒவ்வொன்றும் தனித்தன்மை வாய்ந்த தொல்பொருளைப் பொதிவதும் வேறு வேறு கலைகள் என்பது மட்டும் இவ்வொப்பீட்டால் தெளிவாகும். அரெத்தைன் என்னும் இத்தாலியச் செங்கலங்கள் கடல் கடந்து அரிக்கமேட்டுக்கு வந்தன என்பதை 1945ஆம் ஆண்டு அகழாய்வில் வீலர் காட்டினார். அவையும் தம் காலத்தில் வணிகச் சரக்காகவே வந்தன. எவரும் அவற்றைத் தொல்பொருளாகக் கருதிப் போற்றிப் பொதிந்திருக்கமாட்டார்.

ஹாமில்ட்டன் கைவழியாக இங்கிலாந்தை அடைந்த மற்றொரு பொருள் போர்ட்லண்ட் கலம் எனப்படும் உரோமானியக் கண்ணாடிக் கலம். அது கடல்வழியில் சிறிதும் ஊறுபடவில்லை. காட்சிச்சாலைக்குள் பாதுகாப்பாக இருந்தபோதுதான், 1845இல் ஒருவன் அதனை வேண்டுமென்றே அடித்து நொறுக்கினான். உடனே ஒட்டியபோது 37 சிறு துண்டுகள் இடம் தெரியாமல் எஞ்சின. அவை தனியே ஒரு பெட்டியில் இடப்பட்டு, வேறொருவர் கைக்குச் சென்று மறக்கப்பட்டன. 1948இல்தான் காட்சிச்சாலைக்குத் திரும்பின. அவற்றுள் மூன்று துண்டுகள் மட்டுமே அவ்வாண்டுச் சீரமைப்பில் இடம்பெற்றன. 1988, 1989ஆம் ஆண்டுகளில் நடந்த சீரமைப்பில் எஞ்சியவற்றுள் பெரும்பாலானவை தத்தம் இடத்தை அடைந்தன.

இக்காலத்துக் காட்சிச்சாலைகள் ஒரு கலத்தை வேற்றூருக்கு அனுப்புமுன் அதன் பழைய ஒட்டுகளையும் கீறல்களையும் படமெடுத்துக் குறித்துக்கொள்கின்றன. பெட்டிக்குள் பெட்டியாக வைத்து இரண்டிற்கும் இடையே நுரைப்பஞ்சு இடுகின்றன. பெட்டி திறக்கப்படும்போது அதே குறிப்பை வைத்து மீண்டும் ஒப்பிடுகின்றன. தொலைவிலுள்ள விற்பனையாளரிடம் தொல்கலம் வாங்கும் தனியாரும் இம்மூன்றையும் கேட்டுப் பெறுதல் கூடும். உடைந்தே வந்து சேர்ந்தாலும், பொதிந்த வைக்கோலைக் கொட்டிவிடாது சல்லடையிட்டுப் பார்த்தல் நன்று. துண்டுகளுள் மிகச் சிறியவை அதற்குள்ளேயே கிடக்கும்.

கொலோசஸ் கப்பலின் பின்பகுதி 2001இல் வேறோரிடத்தில் கண்டறியப்பட்டுக் காக்கப்பட்ட இடமாக அறிவிக்கப்பட்டது. தப்பிப் பிழைத்து ஹோப் என்பாரின் மாளிகையை அடைந்த கலங்களோ 1917இல் ஏலம் விடப்பட்டுப் பல நாடுகளுக்கும் சிதறிப்போயின. மூழ்கியவற்றையும் பிழைத்தவற்றையும் ஒருங்கே காண விழைவோர் இன்றும் டிஷ்பைனின் ஏடுகளையே புரட்டுகின்றனர்.