போதைப்பொருள் பயன்பாடு பற்றிய ஒட்டுறவு ஆய்வுகள்: சிறப்புகளும் வரம்புகளும்

இரண்டு மாறிகள் சேர்ந்து கூடுகின்றனவா, ஒன்று கூட மற்றொன்று குறைகிறதா என்பதை, எதையும் மாற்றாமல் உள்ளபடியே அளந்து பார்ப்பது ஒட்டுறவு ஆய்வு ஆகும். இது உடன்தொடர்பு ஆய்வு என்றும் அழைக்கப்படுகிறது. போதைப்பொருள் பற்றி இன்று அறியப்பட்டுள்ளவற்றில் பெரும்பகுதி இவ்வகை ஆய்வுகளிலிருந்து கிடைத்ததே. இதன் வலிமையையும் வரம்பையும் ஒருசேரக் காட்டும் சான்று, சுவீடனில் கஞ்சாவையும் மனச்சிதைவு நோயையும் பற்றி நடந்த ஆய்வு.

பின்னணி

ஒட்டுறவு என்னும் புள்ளியியல் கருத்தை 1888-இல் இங்கிலாந்தின் பிரான்சிஸ் கால்டன் முன்வைத்தார். கார்ல் பியர்சன் அதற்குக் கணித வடிவம் தந்தார். ஒட்டுறவுக் கெழு −1 முதல் +1 வரை அமையும்.

1950-இல் ரிச்சர்ட் டால், பிராட்ஃபோர்டு ஹில் ஆகியோர் புகைபிடித்தலுக்கும் நுரையீரல் புற்றுநோய்க்கும் உள்ள தொடர்பை வெளியிட்டனர். புகழ்பெற்ற புள்ளியியலாளர் ரொனால்டு ஃபிஷர் அதை ஏற்கவில்லை. புகைபிடிக்கத் தூண்டுவதும் புற்றுநோயை வரவழைப்பதும் ஒரே மரபுக்கூறாக இருக்கலாம் என்றார். அவர் கூறிய விளக்கம் நிலைக்கவில்லை. ஆனால் அவர் எழுப்பிய வகைக் கேள்வி ஒவ்வொரு ஒட்டுறவு ஆய்வையும் தொடர்கிறது. 1965-இல் ஹில், தொடர்பு எப்போது காரணமாகக் கருதத்தக்கது என்பதற்கு ஒன்பது நோக்குகளை வகுத்தார். காரணம் முன்னும் விளைவு பின்னும் வருதல், அளவு கூடக் கூட விளைவும் கூடுதல் ஆகியவை அவற்றுள் அடங்கும்.

சுவீடன் ஆய்வு

1969-70-இல் சுவீடனில் கட்டாய இராணுவப் பணிக்கு அழைக்கப்பட்ட இளைஞர்களிடம் குடும்பச் சூழல், போதைப் பழக்கம் முதலியவை பற்றிக் கேள்வித்தாள் வழியாகத் தகவல் திரட்டப்பட்டது. ஸ்வென் ஆந்த்ரேயசனும் உடன் ஆய்வாளர்களும் 45,570 பேரின் விவரங்களை, பின்வந்த 15 ஆண்டுகளின் மருத்துவமனைப் பதிவேடுகளோடு ஒப்பிட்டனர். 1987-இல் 'லான்செட்' இதழில் முடிவு வெளியானது. ஐம்பது தடவைக்கு மேல் கஞ்சா பயன்படுத்தியதாகக் கூறியவர்களுக்கு, பயன்படுத்தாதவர்களைவிட மனச்சிதைவு நோய் ஏற்படும் வாய்ப்பு 6 மடங்காக இருந்தது.

சிறப்புகள்

முதலாவது, அறம் சார்ந்தது. நோய் வருகிறதா என்று பார்ப்பதற்காக இளைஞர்களை ஆண்டுக்கணக்கில் கஞ்சா புகைக்க வைக்க முடியாது. சோதனைமுறை ஆய்வுக்கு வழியில்லாத இடத்தில் ஒட்டுறவு ஆய்வே வழியாகிறது.

இரண்டாவது, அளவு. மனச்சிதைவு அரிதான நோய். சில நூறு பேரை மட்டும் ஆராய்ந்தால் அத்தொடர்பு தென்படாமலே போகலாம்.

மூன்றாவது, கால வரிசை. பழக்கம் முதலில் பதிவாகி, நோய் பின்னர் பதிவானதால், ஒரே நாளில் இரண்டையும் கேட்டறியும் ஆய்வைவிட இது வலுவானது.

வரம்புகள்

காகம் உட்காரப் பனம்பழம் விழுந்த கதையை இங்கே மறக்கக்கூடாது. கஞ்சாவும் நோயும் சேர்ந்து காணப்படுவதற்கு வேறு விளக்கங்களும் உண்டு.

* மூன்றாவது காரணி: குடும்பச் சிக்கல், நகர வாழ்க்கை, பிற போதைப்பொருள்கள், மரபுக்கூறு ஆகியவை இரண்டையும் தூண்டியிருக்கலாம்.
* திசை மாறுதல்: நோயின் தொடக்க மன உளைச்சலே இளைஞரைக் கஞ்சாவை நாட வைத்திருக்கலாம்.
* அளவீட்டுக் குறை: இராணுவ அதிகாரிகளிடம் தரும் கேள்வித்தாளில் போதைப் பழக்கத்தைச் சிலர் மறைத்திருக்கலாம். பழக்கம் ஒருமுறையே கேட்கப்பட்டதால் பின்னர் நேர்ந்த மாற்றம் பதிவாகவில்லை.
* பொதுமைப்படுத்தல்: ஆராயப்பட்டவர்கள் ஒரு நாட்டின் இளம் ஆண்கள். பெண்களுக்கோ பிற நாட்டவருக்கோ முடிவை அப்படியே பொருத்த முடியாது.

'6 மடங்கு' என்பதையும் கவனமாகப் படிக்க வேண்டும். ஆயிரத்தில் 5 பேருக்கு வரும் நோய் ஆறு மடங்கானால் 30 பேருக்கு வரும். மீதி 970 பேருக்கு வராது. எனவே இம்முடிவை வைத்து ஒரு தனி மனிதரின் எதிர்காலத்தைக் கணிக்க முடியாது.

பின்வந்த ஆய்வுகள்

ஸ்டான்லி சாமிட் முதலியோர் இக்குழுவை மீண்டும் ஆராய்ந்து 2002-இல் முடிவுகளை வெளியிட்டனர். 50,087 பேரின் பதிவுகள் எடுத்துக்கொள்ளப்பட்டன. நுண்ணறிவு, புகைபிடித்தல், வளர்ந்த இடம் முதலியவற்றின் தாக்கத்தைக் கணக்கிட்டு நீக்கியபோது, மிகுதியாகப் பயன்படுத்தியோருக்கான வாய்ப்பு ஏறத்தாழ 3 மடங்காகக் குறைந்தது, ஆனால் மறையவில்லை. நோயின் தொடக்க நிலையில் இருந்தவர்களை விலக்குவதற்காக, ஐந்து ஆண்டுகளுக்குப் பின் நோயுற்றவர்களை மட்டும் தனியே பார்த்தபோதும் தொடர்பு நீடித்தது. அண்மைக்கால மரபணு ஆய்வுகளோ எதிர்த்திசைக்கும், அதாவது நோய்க்கான இயல்பு கஞ்சாப் பழக்கத்துக்கு இட்டுச் செல்வதற்கும், சான்று தருகின்றன.

மதிப்பீடு

'தொடர்பு என்பது காரணம் ஆகாது' என்ற சொற்றொடரை மட்டும் மனப்பாடம் செய்துகொண்டால், உண்மையான எச்சரிக்கையையும் புறந்தள்ள நேரிடும். புகையிலை நிறுவனங்கள் பல ஆண்டுகள் செய்தது அதுவே. மாறாக, தொடர்பையே காரணமாகக் கொண்டால், ஏற்கெனவே நோயின் விளிம்பில் துன்புறும் இளைஞர் மீது பழி மட்டுமே விழும், சிகிச்சை தாமதமாகும். ஓர் ஒட்டுறவு முடிவைப் படிக்கும் மாணவர் மூன்று கேள்விகளைக் கேட்க வேண்டும்: எது முந்தியது? மூன்றாவது காரணி உண்டா? வேறு இடத்தில், வேறு முறையில் ஆராய்ந்தவர்களும் இதையே கண்டார்களா? விடைகள் ஒரே பக்கம் சாயச் சாய, தொடர்பு காரணமாக ஏற்கப்படும் தகுதியைப் பெறுகிறது.