கட்டைவிரலுக்கு வந்த சுக்கான்

மோட்டார் பந்தய வீடியோ விளையாட்டை முதல் முறையாக ஆடுபவரைக் கவனித்திருக்கிறீர்களா? வண்டி நேராகப் போவதே இல்லை. இடப்புறம் சற்றுத் திருப்பினால் வேலியில் மோதுகிறது. பதறிப்போய் வலப்புறம் திருப்பினால் சுழன்று நிற்கிறது. "எனக்குக் கை பழகவில்லை" என்று அவர் கேம்பேடைக் கீழே வைத்துவிடுகிறார்.

குறை பெரும்பாலும் கையில் இல்லை. கைக்கும் வண்டிக்கும் இடையே உள்ள விகிதத்தில் இருக்கிறது. அந்த விகிதத்தை மாற்றுவதற்கென்றே விளையாட்டின் அமைப்புப் பக்கத்தில் 'ஸ்டியரிங் உணர்திறன்' என்றோர் அளவு தரப்பட்டிருக்கும். அது தீர்க்க முயலும் சிக்கல், வீடியோ விளையாட்டைவிட வயதில் மிக மூத்தது. உண்மையான மோட்டார் வண்டியோடு பிறந்த சிக்கல் அது.

கோல் போய்ச் சக்கரம் வந்தது

1886-இல் ஜெர்மனியில் கார்ல் பென்ஸ் காப்புரிமை கோரிய மூன்று சக்கர வண்டியில் ஸ்டியரிங் சக்கரம் கிடையாது. சிறிய கைப்பிடி ஒன்றைத் திருப்பியே வண்டியைத் திருப்பினார்கள். அக்காலத்து வண்டிகள் பலவற்றில் படகின் சுக்கானைப் போன்ற ஒரு கோல்தான் இருந்தது. வண்டி மெதுவாகப் போகும்வரை கோல் போதுமானதாக இருந்தது. வேகம் கூடியபோது தொல்லை தொடங்கியது. கோலைச் சற்றே அசைத்தாலும் வண்டி வெடுக்கென்று திரும்பியது.

1894-இல் பிரான்சில் பாரிஸ் நகரிலிருந்து ரூவான் வரை நடந்த புகழ்பெற்ற மோட்டார் போட்டியில், ஆல்பிரட் வாஷெரோன் என்பவர் தம் பான்ஹார்ட் வண்டியில் கோலுக்குப் பதிலாகச் சக்கரத்தைப் பொருத்தி ஓட்டினார். சில ஆண்டுகளுக்குள் சக்கரமே வழக்கமாயிற்று.

சக்கரம் வென்றது ஏன்? அது கையின் அசைவைப் பெரிதாக்கி, வண்டியின் திருப்பத்தைச் சிறிதாக்குகிறது. இன்றைய சாதாரணக் காரில் ஸ்டியரிங் சக்கரத்தை ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்குத் திருப்ப, ஏறத்தாழ இரண்டரை முதல் மூன்று சுற்றுகள் தேவை. ஸ்டியரிங் சுமார் 15 பாகை திரும்பினால், சாலையில் உருளும் முன்சக்கரம் 1 பாகைதான் திரும்பும். கை சற்று நடுங்கினாலும் வண்டி நடுங்குவதில்லை.

நாணயம் போட்டு ஓட்டிய வண்டி

வீடியோ விளையாட்டும் தொடக்கத்தில் சுழலும் பொருளைத்தான் நம்பியது. 1958-இல் அமெரிக்காவின் புரூக்ஹேவன் ஆய்வுக்கூடத்தில் வில்லியம் ஹிகின்பாதம் என்னும் இயற்பியலாளர் அமைத்த டென்னிஸ் விளையாட்டில், பந்தடிக்கும் கோணத்தை ஒரு குமிழைத் திருகி மாற்றினார்கள். பழைய வானொலிப் பெட்டியில் ஒலியைக் கூட்டிக் குறைக்கும் குமிழைப் போன்றதே அது.

1974-இல் அட்டாரி நிறுவனம் வெளியிட்ட கிரான் டிராக் 10 என்னும் நாணய விளையாட்டில் ஸ்டியரிங் சக்கரம், மிதிகள், கியர்க்கோல் யாவும் இருந்தன. 1977-இல் அதே நிறுவனத்தின் வீட்டு விளையாட்டுக் கருவிக்கு இண்டி 500 என்னும் பந்தயம் வந்தபோது, எவ்வளவு சுற்றினாலும் முடிவின்றிச் சுழலும் தனிக் குமிழ் அதனுடன் விற்கப்பட்டது.

ஆனால் ஒவ்வொரு விளையாட்டுக்கும் ஒரு கருவி வாங்க எத்தனை வீடுகளால் முடியும்? எல்லா விளையாட்டுக்கும் பொதுவான, மலிவான, சிறிய கருவி தேவைப்பட்டது.

இடம் உண்டு, வலம் உண்டு, நடுவில் ஏதுமில்லை

அதைத் தந்தவர் ஜப்பானின் நின்டெண்டோ நிறுவனத்தைச் சேர்ந்த குன்பெய் யோகோய். 1982-இல் ஒரு கையடக்க விளையாட்டுக்காக அவர் அமைத்த கூட்டல் குறி வடிவப் பொத்தான், 1983-இல் ஃபாமிகாம் கருவியின் வழியாக வீடுகளுக்குள் நுழைந்தது. அதன் அடியில் இருப்பவை நான்கு சுவிட்சுகள்தாம். சுவிட்சுக்கு இரண்டே நிலைகள்: அழுத்தியது, அழுத்தாதது. 'கொஞ்சம் இடப்புறம்' என்று அதனிடம் சொல்ல வழியில்லை.

நிரல் எழுதியவர்கள் ஒரு தந்திரம் செய்தார்கள். தூரத்துக்குப் பதிலாக நேரத்தைக் கணக்கில் எடுத்தார்கள். பொத்தானை அழுத்தியவுடன் சக்கரம் முழுவதும் திரும்பிவிடாது. அழுத்தியிருக்கும் நேரத்துக்கு ஏற்ப மெல்ல மெல்லத் திரும்பும். விட்டால் நடுவுக்குத் திரும்பி வரும். நீண்ட வளைவில் ஆடுபவர்கள் பொத்தானைத் தட்டித் தட்டி ஓட்டக் கற்றுக்கொண்டார்கள். இங்கே கருவி கைக்கு இணங்கவில்லை. கைதான் கருவிக்கு இணங்கியது.

கோல் திரும்பி வந்தது

1995-இல் ஜப்பானின் நாம்கோ நிறுவனம் நெகான் என்ற விசித்திரமான கேம்பேடை வெளியிட்டது. அதன் இரு பாதிகளையும், ஈரத் துணியைப் பிழிவதுபோல, எதிரெதிராக முறுக்கலாம். முறுக்கும் அளவே ஸ்டியரிங் அளவு. ஆனால் உலகெங்கும் பரவியது வேறொன்று. 1996-இல் நின்டெண்டோ 64 கருவியும், 1997-இல் சோனியின் டூயல்ஷாக் கேம்பேடும் கட்டைவிரலால் சாய்க்கும் சிறு குச்சியைக் கொண்டு வந்தன. அதே 1997 டிசம்பரில், உண்மையான கார்களின் இயக்கத்தைப் பின்பற்ற முயன்ற கிரான் டூரிஸ்மோ ஜப்பானில் வெளியாயிற்று.

வாசகர்களே, சற்று எண்ணிப் பாருங்கள். சாய்த்துத் திருப்பும் இந்தக் குச்சி எது? மோட்டார் வண்டிகள் நூறாண்டுக்கு முன் கைவிட்ட அதே கோல்தான்! கோலோடு அதன் பழைய தொல்லையும் திரும்பி வந்தது.

ஒரு சிறு கணக்கு

தொல்லை எவ்வளவு என்று கணக்கிடலாம். முன், பின் சக்கரங்களுக்கு இடையே 2.6 மீட்டர் உள்ள ஒரு கார், 400 மீட்டர் ஆரமுள்ள வளைவில் செல்வதாகக் கொள்வோம். நெடுஞ்சாலையில் காணும் மென்மையான வளைவு அது. 2.6-ஐ 400-ஆல் வகுத்துப் பாகையாக மாற்றினால், முன்சக்கரம் சுமார் 0.37 பாகை திரும்பினால் போதும் என்று தெரியும்.

உண்மைக் காரில் அதற்கு ஸ்டியரிங்கை ஐந்தரைப் பாகை அளவு திருப்ப வேண்டும். இது கைக்கு எளிது. கேம்பேடில் என்ன ஆகும்? குச்சியின் நுனி ஒரு பக்கம் 10 மில்லிமீட்டர் நகர்ந்தால் முன்சக்கரம் 30 பாகை திரும்பும் என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் 0.37 பாகைக்கு 0.12 மில்லிமீட்டர் நகர்த்த வேண்டும்! எந்தக் கட்டைவிரலால் முடியும்?

மூன்று திருத்தங்கள்

முதலாவது, வளைகோடு. குச்சியின் அசைவை அப்படியே எடுக்காமல், அதன் மும்மடியை எடுப்பது ஒரு வழி. குச்சி பாதி தூரம் சாய்ந்தால், 0.5 × 0.5 × 0.5 = 0.125, சக்கரம் எட்டில் ஒரு பங்கே திரும்பும். நம் வளைவுக்கு இப்போது 2.3 மில்லிமீட்டர் நகர்த்தினால் போதும். விரலுக்கு இது எட்டும். ஆனால் இதற்கு விலை உண்டு: குச்சி கோடியை நெருங்கும்போது சக்கரம் முன்னைவிட மும்மடங்கு விரைவாகத் திரும்பும். 2014-இல் வெளியான அசெட்டோ கோர்சா போன்ற விளையாட்டுகளில் 'காமா' என்று குறிக்கப்படுவது இந்த வளைவே.

இரண்டாவது, வேகத்தைப் பொறுத்த குறைப்பு. வண்டி விரையும்போது சக்கரம் திரும்பும் உச்ச அளவை விளையாட்டு தானே குறைத்துவிடும். இதுவும் வெறும் விளையாட்டு உத்தி அன்று. 2003-இல் பி.எம்.டபிள்யூ நிறுவனம், வேகத்துக்கேற்ப ஸ்டியரிங் விகிதத்தையே மாற்றும் அமைப்பைத் தன் கார்களில் கொண்டு வந்தது. விளையாட்டில் இதை மிகையாக வைத்தால், வேகத்தில் வண்டி சறுக்கும்போது எதிர்ப்பக்கம் திருப்பி மீட்க இடமிருக்காது.

மூன்றாவது, செயலற்ற பகுதி. விரலை எடுத்த பிறகும் குச்சியின் சுருள்வில் அதை மிகச் சரியாக நடுவில் நிறுத்துவதில்லை. ஆகவே நடுவைச் சுற்றியுள்ள சிறு அசைவைக் கணினி பொருட்படுத்தாமல் விடும். இப்பகுதி குறைந்தால் வண்டி தானாக ஒரு பக்கம் இழுக்கும். கூடினால் ஸ்டியரிங் மரத்துப் போனதுபோல் இருக்கும்.

நீங்களே செய்து பாருங்கள்

முதலில் செயலற்ற பகுதியை மெல்லக் குறைத்து, விரலை எடுத்தாலும் வண்டி நேராகப் போகும் மிகச் சிறிய அளவைக் கண்டுபிடியுங்கள். பிறகு ஒரே வண்டி, ஒரே வளைவு என்று வைத்துக்கொண்டு, வளைகோட்டை மட்டும் மாற்றுங்கள். கடைசியாக வேகக் குறைப்பு. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி, ஒவ்வொரு முறையும் குறித்து வையுங்கள். ஆய்வுக்கூடத்தில் கடைப்பிடிக்கும் முறையும் இதுதானே?

நண்பர் சொன்ன எண் உங்களுக்குப் பொருந்தாமல் போகலாம். விரலின் நீளம், குச்சியின் தேய்மானம் ஆகியவை ஆளுக்கு ஆள் வேறு. கை வலுக் குன்றியவர்களுக்கோ இது வசதியைப் பற்றிய கேள்வியே அன்று. ஆட முடியுமா முடியாதா என்ற கேள்வி. 2018-இல் மைக்ரோசாஃப்ட் நிறுவனம், உடற்குறை உள்ளோர் தங்களுக்கு ஏற்ற சுவிட்சுகளையும் குச்சிகளையும் இணைத்து ஆடும் எக்ஸ்பாக்ஸ் அடாப்டிவ் கன்ட்ரோலர் என்னும் கருவியை வெளியிட்டது. குச்சியைச் சில மில்லிமீட்டர் மட்டுமே அசைக்க முடிந்தவருக்கு, உணர்திறனைக் கூட்டினால் அந்தச் சிறு அசைவே முழுத் திருப்பமாகும்.

ஆகவே அடுத்த முறை வண்டி வேலியில் மோதினால் உங்கள் கையை நொந்துகொள்ளாதீர்கள். அமைப்புப் பக்கத்தைத் திறந்து, விகிதத்தைப் பாருங்கள்.