புலிச் சகோதரர்களின் பூங்கா



தொடக்கநிலை ஐந்து மாணவர்களை ஹாவ் பார் வில்லாவுக்குக் கல்விச் சுற்றுலா அழைத்துச் செல்லவிருப்பதாக அறிவித்தேன். மறுநாளே தந்தையொருவர், "நரகத்தைக் காட்டியா ஐயா பிள்ளைகளுக்குப் பாடம் நடத்துவது?" என்று எழுதிக் கேட்டிருந்தார். கேள்வியில் நியாயம் உண்டு. அவருக்கு எழுதிய மறுமொழியையே சற்று விரித்து இங்கே இடுகிறேன்.

நம் வீடுகளில் கோடாலித் தைலத்துக்குப் பக்கத்திலேயே டைகர் பாம் புட்டியும் இருந்திருக்கும். அந்தத் தைலம் ஈட்டித் தந்த செல்வத்தில் எழுந்ததே இப்பூங்கா. இரங்கூனில் ஹக்கா மருத்துவர் ஒருவர் நடத்திய மருந்துக் கடையை அவருடைய மைந்தர்கள் ஓ பூன் ஹாவும் ஓ பூன் பாரும் வளர்த்தெடுத்தனர். 'ஹாவ்' என்றால் புலி, 'பார்' என்றால் சிறுத்தை. மூத்தவர் 1926-இல் சிங்கப்பூரில் குடியேறினார். புலித்தலை பொருத்திய மகிழுந்தில் ஊரைச் சுற்றி வந்தவர் அவர். விளம்பரம் என்னும் கலையை அவருக்கு எவரும் கற்றுத்தர வேண்டியிருக்கவில்லை!

1937-இல் பாசிர் பாஞ்சாங் குன்றின்மேல், கடலை நோக்கியவாறு, தம்பிக்காக ஒரு மாளிகையைக் கட்டுவித்தார். கட்டடக் கலைஞர் ஹோ குவாங் இயூ அதை வடிவமைத்தார். தம்பியால் அங்கே நெடுநாள் வாழ இயலவில்லை. போர் வந்தது. ஜப்பானியர் அக்குன்றிலிருந்து கப்பல்களைக் கண்காணித்தனர். கட்டடக் கலைஞர் 1942-இல் ஜப்பானியரால் கொல்லப்பட்டார். தம்பி 1944-இல் இரங்கூனில் மறைந்தார். போருக்குப்பின் திரும்பி வந்த அண்ணன், சிதைந்து கிடந்த மாளிகையை இடித்துவிட்டார். தோட்டத்தை மட்டும் விட்டுவிடவில்லை. சிலைகள் பெருகின. 1954-இல் அவர் மறைந்தபின் தம்பி மகன் ஓ செங் சை பொறுப்பேற்று, பிறநாட்டு மூலைகளையும் சேர்த்தார். சீனப் புராணங்களுக்கு நடுவே சுதந்திரதேவி சிலையும் சூமோ மல்லர்களும் நிற்பதற்கு அதுவே காரணம்.

நான் முதன்முதலில் அங்கே சென்றது 1984-இல். அப்போது பாலர் பள்ளி மாணவன். கட்டணம் இல்லை. பாட்டி என் கையைப் பற்றிக்கொண்டு பத்து நரக மன்றங்களின்முன் நின்றார். சீன எழுத்தும் அறியார், ஆங்கிலமும் அறியார். ஆயினும், "இவன்தாண்டா எமன்" என்றார். அவர் சொன்னது வெறும் ஊகமன்று. நம் யமன்தான் பௌத்தத்தோடு பயணம் செய்து, சீனத்தில் யான்லுவோ என்னும் பெயரோடு, ஐந்தாம் மன்றத்தின் அரசராக வீற்றிருக்கிறான். இதை நான் ஆசிரியர் பயிற்சிக் கழகத்தில் படித்த காலத்தில்தான் அறிந்தேன். பாட்டி அப்போது இல்லை.

1985-இல் அரசு அந்நிலத்தைக் கையகப்படுத்தியது. பின்னர், தனியார் நிறுவனமொன்று 80 மில்லியன் வெள்ளி செலவில் அதைப் புதுப்பித்தது. 1990-இல் 'டிராகன் வோர்ல்ட்' என்னும் பெயரில் படகுச் சவாரிகளும் நாடகங்களும் நுழைவுக் கட்டணமுமாகப் பூங்கா திறக்கப்பட்டது. முதலில் திரண்ட கூட்டம் நாளடைவில் குறைந்தது. நட்டம் மிகுந்தது. 2001-இல் அம்முயற்சி முடிவுக்கு வந்தது. தோல்விக்குப் பலர் பல காரணம் கூறுவர். என் எண்ணத்தில், இது சவாரிக்கான இடமே அன்று. குடும்பத்தில் ஒருவர் கதை சொல்ல, மற்றவர் கேட்க வேண்டிய இடம். விசைப்படகு அந்தக் கதைக்குக் காத்திருக்குமா?

இன்று பூங்காவுக்குள் நுழையக் கட்டணம் இல்லை. 2011 முதல் வாசலிலேயே பெருவிரைவு ரயில் நிலையமும் உண்டு. பத்து மன்றங்கள் மட்டும் 2021-இல் திறக்கப்பட்ட நரக அருங்காட்சியகத்துக்குள் உள்ளன. அதற்கு நுழைவுச்சீட்டு வேண்டும். ஹாங்காங்கில் இதே குடும்பம் அமைத்த தோட்டம் 2004-இல் இடிக்கப்பட்டுவிட்டது. மாளிகை மட்டுமே எஞ்சியுள்ளது. நம்முடையதோ ஆயிரத்துக்கும் மேற்பட்ட சிலைகளோடு இன்னும் நிற்கிறது.

அச்சம் என்பது உண்மை. நானும் அன்றிரவு உறங்கவில்லை. ஆனால் பாட்டி என்னை அங்கேயே விட்டுவிடவில்லை. நல்லவர்கள் கடக்கும் பொற்பாலத்தையும், பத்தாம் மன்றத்தில் மறுபிறவிக்குமுன் மறதித் தேநீர் வழங்கும் கிழவியையும் காட்டிவிட்டே வெளியே அழைத்துவந்தார். துணையின்றிப் பார்ப்பதற்கும் துணையோடு பார்ப்பதற்கும் வேறுபாடு உண்டென்றும், தாங்களும் உடன் வரவேண்டுமென்றும் அத்தந்தைக்கு எழுதினேன்.

வந்தார். தேர்வில் ஏமாற்றியவர்களின் குடலை உருவும் எட்டாம் மன்றத்தின்முன் மாணவர்கள் என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள். அவர் மட்டும் பெற்றோரை மதியாதவர்களுக்கும் அதே தண்டனைதான் என்னும் குறிப்பைப் படித்தபடி நின்றிருந்தார். பேருந்து புறப்படும் வேளையில், "அடுத்த முறை எங்கள் அம்மாவையும் அழைத்துவரலாமா, ஐயா?" என்று கேட்டார்.