ஒதுக்கிய காய்

சந்தை கலையும் நேரம்தான் என் நேரம். பெண்ணாடம் வாரச்சந்தையில் பொழுது சாயும்போது போனால், மீந்த கத்தரிக்காயைத் திரும்பத் தூக்கிச் செல்ல மனமில்லாத கிழவிகள், "எடுத்துக்கிட்டுப் போ டீச்சரு, புள்ளைங்கதான திங்குது" என்று கூடையோடு கவிழ்ப்பார்கள். நான் டீச்சர் இல்லை, சத்துணவு அமைப்பாளர். அதை அவர்களிடம் சொல்லிப் பயனில்லை.

காமராஜர் 1956-இல் மதிய உணவைத் தொடங்கினார். எம்.ஜி.ஆர். 1982 ஜூலை 1 அன்று திருச்சி அருகே பாப்பாக்குறிச்சியில் சத்துணவைத் தொடங்கியபோது அது சின்னப் பிள்ளைகளுக்குத்தான். பத்து முதல் பதினைந்து வயதுவரை உள்ளவர்களுக்கு 1984-இல் நீட்டினார்கள். எனக்கு வேலை கிடைத்ததே அதில்தான். அரிசி, பருப்பு, எண்ணெய் அரசாங்கத்திலிருந்து வரும். காய்க்கும் விறகுக்கும் தலைக்கு இத்தனை பைசா என்று கணக்கு. ஆகவே சந்தையில் என்ன மலிவோ அதுதான் பிள்ளைகளின் தட்டில். ஐப்பசி, கார்த்திகையில் வெள்ளாறு நிறைந்து ஓடும்போது வாரம் முழுக்கப் பூசணிக்காய். கூடவே யார் வீட்டுக் கொல்லையிலோ ஒடித்த முருங்கைக்கீரை.

ஏழு வயதுப் பிள்ளை தட்டை நீட்டும். பதிமூன்று வயதுக்காரன் வரிசையில் நிற்கவே வெட்கப்படுவான். வந்து உட்கார்ந்தாலும் சாம்பாரிலிருந்து கத்தரிக்காயை ஒவ்வொன்றாக எடுத்துத் தட்டு விளிம்பில் அடுக்குவான். எட்டாம் வகுப்புப் பையன் ஒருவன் பாசிமணி கோத்ததுபோல அத்தனை ஒழுங்காக வைப்பான். முட்டைக்கோஸ் பொரியலைத் தொடவே மாட்டான். பொடியாக நறுக்கிப் பார்த்தேன், பருப்போடு கடைந்து பார்த்தேன், கண்டுபிடித்துவிடுவான். 1989-இல் இரண்டு வாரத்துக்கு ஒரு முட்டை என்று ஆரம்பித்து, 2010-இல் வாரத்துக்கு ஐந்தானது. அதை மட்டும் ஒருவரும் ஒதுக்கியதில்லை.

காய் பிடிக்காத பிள்ளைகள் என்று முடிவுகட்டியிருப்பேன், பள்ளிக்கூட வாசலைப் பார்க்காமல் இருந்திருந்தால். அங்கே ஒரு பாட்டி சாக்கு விரித்து உட்கார்ந்திருப்பார். கோடையில் வெள்ளரிப்பிஞ்சு, கீறி உப்பும் மிளகாய்த்தூளும் தடவியது. பிறகு மாங்காய்க் கீற்று, கொய்யா. முந்திரிக்காட்டுப் பக்கத்துப் பையன்கள் பழத்தைக் கடித்துச் சட்டையெல்லாம் கறையாக வருவார்கள். சோற்றோடு நான் போட்டால் காய். சொந்தக் காசில் நின்றபடி தின்றால் தீனி.

பாட்டி போனபிறகு அந்த இடத்துக்கு வேறு பாட்டி வரவில்லை. பக்கத்துப் பெட்டிக்கடையில் சரம் சரமாகத் தீனிப் பாக்கெட்டுகள் தொங்கின. காய்க்குப் புது இடமும் வராமல் இல்லை: 1999 நவம்பர் 14 அன்று மதுரையில் முதல் உழவர் சந்தை திறந்தது. பிறகு விருத்தாசலத்துக்கும் வந்தது. தரகில்லை, விளைவித்தவரே விற்கலாம், தராசு இலவசம், அன்றன்றைய விலை பலகையில். நல்ல ஏற்பாடு, குறை சொல்லமாட்டேன். ஆனால் அது விடியலில் கூடி, வெயில் ஏறுவதற்குள் கலைகிற சந்தை, அம்மாக்களின் சந்தை. மாலை நாலரைக்குப் பசியோடு வெளியே வருகிற பையனுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. 2022-இல் வந்த காலை உணவுத் திட்டமும் ஐந்தாம் வகுப்போடு நின்றுகொண்டது.

இப்போது சாயங்காலம் கடைத்தெருவில் காளான் வண்டியைச் சுற்றிச் சீருடைக் கூட்டம். போன வாரம் பேரனோடு போய் நின்றேன். இரும்புக் கல்லில் வண்டிக்காரர் கொத்திக்கொண்டிருந்ததில் காளான் எங்கே என்று தேட வேண்டியிருந்தது. முக்கால்வாசி முட்டைக்கோஸ். "அண்ணே, வெங்காயம் இன்னும் கொஞ்சம், மல்லியும்" என்று கேட்டு வாங்கி, பேரன் இலையை வழித்துத் தின்றான். நான் ஒன்றும் சொல்லவில்லை.