கொடியிடம் தோற்ற இரும்பு

ஜப்பானின் நாகானோ மாநிலத்தில், சுவா ஏரியின் தெற்கே இரண்டும் வடக்கே இரண்டுமாக நான்கு ஆலயங்கள் இருக்கின்றன. நான்கும் சேர்ந்தே சுவா தைஷா என்னும் ஒரே கோயில். அவற்றுள் நாட்டுப்புறச் சாயல் மாறாதது தென்புறத்து மாயேமியா. மலைச்சரிவில் ஓர் ஓடை, சிறிய சன்னிதி, அதன் நான்கு மூலைகளிலும் நட்ட நெடுமரங்கள், பார்ப்பதற்கு அவ்வளவுதான். ஆறாண்டுக்கு ஒருமுறை காட்டிலிருந்து புதுமரம் வெட்டி, ஊரே கூடி இழுத்துவந்து நடுகிறது.

இங்கே உறையும் தகேமினகதா தோற்றோடிய தெய்வம் என்கிறது, 712இல் தொகுத்து முடிந்த கோஜிகி. விண்ணுலகத் தூதன் தகேமிகாசுச்சியோடு கைகோத்து வலிமை பார்த்தார். பற்றிய கை பனிக்கூர் ஆயிற்று, பின்பு வாள் ஆயிற்று. தூதனோ இவர் கையை இளநாணலைப் போல நசுக்கி எறிந்தான். சுவா வரை ஓடிவந்தவர், இவ்விடம் விட்டு எங்கும் போகேன் என்று வாக்களித்து உயிர் தப்பினார். எட்டாண்டு கழித்து வந்த நிஹோன் ஷோகியில் இந்த மற்போரே கிடையாது. மாறாக, 691இல் பேரரசி ஜிதோ சுவா தெய்வத்தை வழிபடத் தூதர் அனுப்பிய செய்தி இருக்கிறது. தோற்றவருக்கு அரண்மனை ஏன் ஆளனுப்ப வேண்டும்?

உள்ளூரில் கேட்டால் கதையே வேறு. அங்கே தகேமினகதா வென்றவர். எதிர்த்து நின்றது மண்ணின் தெய்வம் மோரியா. மோரியாவின் கையில் இரும்பு வளையம், வந்தவர் கையில் விஸ்டீரியா கொடி. கொடிதான் வென்றது. ஆனால் மோரியாவை யாரும் விரட்டவில்லை. வென்றவர் மரபில் ஒரு சிறுவனை ஓஹோரி என்ற பெயரில் நடமாடும் தெய்வமாக அமர்த்துவார்கள். அவனுக்குள் தெய்வத்தை இறக்கும் மந்திர உரிமை மோரியாவின் வழிவந்த பூசகரிடமே இருந்தது. தோல்வி என்று இதை எப்படிச் சொல்வது? மெய்ஜி அரசு பரம்பரைப் பூசக முறையை ஒழித்த பிறகே அந்த உரிமை போயிற்று. அக்குடும்பத்தின் பழஞ்சுவடிகளைக் காக்க, அவ்வூர்க்காரரான கட்டடக் கலைஞர் புஜிமோரி தெருனோபு 1991இல் மாயேமியாவுக்கு அருகே ஓர் அருங்காட்சியகம் கட்டினார்.

சுவாவை விட்டுப் போகாத தெய்வத்துக்கு வீட்டுக்குள்ளேயே ஒரு பயணம் உண்டு. கடுங்குளிரில் உறைந்த ஏரி இரவில் சுருங்கிப் பிளக்கும். வெயிலில் விரிந்து, பிளவின் விளிம்புகள் முட்டிக்கொண்டு எழும். கரைக்குக் கரை நீளும் அந்தப் பனிமேடு, வடகரையிலுள்ள மனைவி யாசகாதோமேயைக் காண அவர் நடந்த தடமாம். ஓமிவாதாரி என்று பெயர். 1443 முதல் அதற்குக் குறிப்பு எழுதி வருகிறார்கள். இப்போது அந்தப் பணி யாட்சுருகி ஆலயப் பூசகருடையது. விடியுமுன் ஊர்ப் பெரியவர்களோடு கரைக்குப் போய் ஏரியைப் பார்க்கிறார். 2018இல் தடம் தெரிந்தது. அடுத்தடுத்த குளிர்காலங்களில் அவர் எழுத நேர்ந்தது, ‘திறந்த கடல்’.