முள்ளெலும்பு இடைத்தட்டுப் பிதுக்கம்

முள்ளெலும்பு இடைத்தட்டுப் பிதுக்கம் என்பது அடுத்தடுத்த இரு முள்ளெலும்புகளுக்கு இடையிலுள்ள தட்டு, அவ்வெலும்புகளின் விளிம்பைத் தாண்டி வெளியே பிதுங்கி நிற்கும் நிலையாகும். பேச்சு வழக்கில் இது சவ்வு பிதுங்குதல் அல்லது டிஸ்க் பிதுக்கம் எனப்படுகிறது. எம்.ஆர்.ஐ. அறிக்கைகளில் இதன் அளவு மில்லிமீட்டரில் குறிக்கப்படுகிறது. அந்த எண் மட்டும் வலியின் அளவையோ பாதிப்பின் கடுமையையோ காட்டுவதில்லை.

அமைப்பு

ஒவ்வொரு தட்டும் கூழ் போன்ற உட்கருவையும் அதனைச் சுற்றி அடுக்கடுக்கான நார் வளையத்தையும் கொண்டது. வயது ஏறும்போது உட்கரு நீரை இழக்கிறது. தட்டின் உயரம் குறைந்து நார் வளையம் வெளிப்புறம் பிதுங்குகிறது. அறிக்கைகளில் எல் என்பது இடுப்பு முள்ளெலும்பையும் எஸ் என்பது அதற்குக் கீழுள்ள திருவெலும்பையும் குறிக்கும். எல்4–எல்5, எல்5–எஸ்1 தட்டுகளே பெரும்பாலும் பாதிக்கப்படுகின்றன.

வகைகள்

அமெரிக்க முதுகெலும்பியல், கதிரியல் கழகங்கள் 2014ஆம் ஆண்டில் திருத்தி வெளியிட்ட வரையறைகள் பின்வருமாறு:

- பிதுக்கம்: தட்டின் சுற்றளவில் 25 விழுக்காட்டிற்கும் மேற்பட்ட பகுதி வெளியே பரந்து நிற்றல். இது தட்டு விலகலாகக் கருதப்படுவதில்லை.
- புடைப்பு: 25 விழுக்காட்டிற்கும் குறைந்த பகுதி, அகன்ற அடியுடன் வெளித்தள்ளுதல். இது தட்டு விலகலின் ஒரு வகை.
- வெளித்தள்ளல்: விலகிய பகுதி அதன் அடியைவிட அகன்றிருத்தல். அப்பகுதி முற்றிலும் பிரிந்துவிட்டால் துண்டிப்பு எனப்படும்.

அளவீடு

முள்ளெலும்பின் பின்விளிம்பிலிருந்து தட்டு எவ்வளவு நீண்டுள்ளது என்பதே அளக்கப்படுகிறது. 10 மி.மீ. சேர்ந்தது 1 செ.மீ. ஆகும், எனவே 4 மி.மீ. பிதுக்கம் அரை சென்டிமீட்டரிலும் குறைவு. இதனை நரம்புக் குழாயின் அகலத்தோடு ஒப்பிட்டே மதிப்பிட வேண்டும். இடுப்புப் பகுதியில் குழாயின் முன்பின் விட்டம் 10 மி.மீ.க்குக் குறைந்தால் அது குழாய்க் குறுக்கமாகக் கருதப்படுகிறது. எடுத்துக்காட்டாக, 18 மி.மீ. குழாயில் 4 மி.மீ. பிதுக்கம் இருந்தாலும் 14 மி.மீ. இடம் எஞ்சும், 12 மி.மீ. குழாயில் எஞ்சுவது 8 மி.மீ. மட்டுமே.

அளப்பவரைப் பொறுத்தும் படம் எடுக்கப்பட்ட தளத்தைப் பொறுத்தும் அளவு சிறிது வேறுபடலாம். ஆகவே 4 மி.மீ. என்றிருந்தது மறுமுறை 5 மி.மீ. ஆனால், நோய் முற்றியதாகக் கொள்ள முடியாது. நரம்பு வேர் தொடப்படுகிறதா, அழுத்தப்படுகிறதா என்ற குறிப்பே எண்ணைவிட முதன்மையானது.

வலியற்றோரிடம் காணப்படுதல்

1994இல் வெளியான ஆய்வொன்றில், முதுகுவலி இல்லாத 98 பேரில் 52 விழுக்காட்டினருக்குப் பிதுக்கம் காணப்பட்டது. 2015இல் வெளியான தொகுப்பாய்வின்படி, வலியற்றோரிடையே இது 20 வயதில் 30 விழுக்காடாகவும் 80 வயதில் 84 விழுக்காடாகவும் உள்ளது.

மருத்துவ முக்கியத்துவம்

படத்தில் காணும் இடமும் நோயாளியின் அறிகுறியும் பொருந்தினால்தான் பிதுக்கம் வலிக்குக் காரணமாகக் கருதப்படுகிறது. எல்5 நரம்பு வேர் அழுத்தப்பட்டால் வலி காலில் இறங்குவதும், கால் பெருவிரலை மேலே உயர்த்த இயலாமையும் ஏற்படலாம். பெரும்பாலானோர் அறுவையின்றியே குணமடைகின்றனர். எனினும் சிறுநீர் அல்லது மலத்தைக் கட்டுப்படுத்த இயலாமை, சிறுநீர் வெளியேறாமை, தொடையிடுக்கில் உணர்வின்மை, கால்களில் மிகுந்துவரும் தளர்ச்சி ஆகியவை, அறிக்கையில் எந்த அளவு குறிக்கப்பட்டிருந்தாலும், உடனடி மருத்துவம் தேவைப்படும் அறிகுறிகளாகும்.